தலைதட்டி ரெண்டு ஸ்பூன்

என்னை முதலில் பெண் பார்க்க வந்தவர்கள், வேண்டாம் என்பதற்குச் சொல்லி அனுப்பிய காரணம் டீ.

"பொண்ணு தங்கமான பொண்ணுங்க. டீதான் கொஞ்சம் தண்ணியா இருந்துச்சாம்" என்றார் தரகர்.

என் நிறத்தைச் சொல்ல அவர்களுக்கு வாய் கூசியிருக்கிறது. பெண் கறுப்பு, டீ வெளுப்பு. இரண்டில் டீயைப் பழிப்பதுதான் மரியாதை. எனக்கும் அம்மாவுக்கும் இது புரிந்துவிட்டது. அப்பாவுக்கு மட்டும் புரியவில்லை.

அப்பா பெரம்பலூரில் ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார். குறை டீயில்தான் என்றால் சரிசெய்துவிடலாம் என்று இறங்கிவிட்டார். அடுப்படி அவருடைய லேப் ஆனது. தண்ணீரை டம்ளரால் அளந்தார், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கொதிக்கவிட்டார். ஸ்பூனில் டீத்தூளை அள்ளி, மேலே குவிந்ததை விரலால் வழித்துத் தள்ளிக் காட்டுவார்.

"தலைதட்டிப் போடணும்மா. நாலு பேருக்குத் தலைதட்டி ரெண்டு ஸ்பூன். குவிச்சுப் போட்ட, கசந்துடும். காரியமே கெட்டுடும்."

அம்மா வெளியே நின்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எனக்கோ திருச்சியில் பி.எட். சீட் கிடைத்திருந்தது. "காலேஜ் தொறக்கறதுக்குள்ள வரன் அமையலேன்னா போய்ச் சேந்துக்க" என்பது அப்பாவின் தீர்ப்பு.

அடுத்து, ஜெயங்கொண்டத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருந்தவர்கள் நாலு பேர் பஸ் மாறி வந்து சேர்ந்தார்கள். அப்பா கூடத்தில் அவர்களை உபசரித்துக்கொண்டிருந்தபோது நான் ஸ்பூனைக் கையில் எடுத்தேன். குவித்துக் குவித்து ஆறு ஸ்பூன். பால் விட்டும் செங்கல் நிறம் மாறவில்லை. துளி நாக்கில் வைத்துப் பார்த்தேன், வேப்பங்கொழுந்து தோற்றது. அப்போதே திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்ட சந்தோஷம் எனக்கு.

மாப்பிள்ளை ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்தார். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைக்காமல் குடித்து முடித்தார்.

"இப்பதாங்க தலைவலி வுட்டுச்சு. போன வூட்லல்லாம் டீன்னு வெந்நியத்தான் குடுத்தாங்க. எங்க வூட்ல டீன்னா இப்படி நாக்கப் புடிக்கணும்."

அப்பா தயங்கித் தயங்கி பி.எட். பேச்சை எடுத்தார்.

"அதெல்லாம் எதுக்குங்க சார்? இந்தக் கை டீ போட்டாப் போதும்" என்றார் அந்த அம்மாள்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. காலித் தட்டோடு உள்ளே ஓடினேன். "வெக்கப்படுது புள்ள" என்று கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அத்தனை பேர் மேலும் ஆத்திரமாக வந்தது. அவர்களைவிட அந்த ஸ்பூன் மேல் அதிகமாக வந்தது.

அவர்களை வழியனுப்பிவிட்டு, வாசலில் அப்பா தரகரிடம் சொல்லிக்கொண்டிருந்தது அடுப்படிவரை கேட்டது.

"பெருசா ஒண்ணுமில்லைங்க, எல்லாம் அளவுதான். தலைதட்டி ரெண்டு ஸ்பூன்."