அக்கா போடாத ஓட்டு

வாக்காளர் பட்டியலில் அக்காவின் பெயர் இருப்பதை நான்தான் முதலில் பார்த்தேன். நான் ஈப்போவில் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவன். ஷிஃப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும்வரை வண்டியில் காத்திருக்க வேண்டும். அப்படி ஒரு மாலையில், எந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஓட்டு என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு, சும்மா அக்காவின் அடையாள அட்டை எண்ணையும் போட்டேன். பெயர் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, அறை எண்ணும் வந்தது. யாரும் போய்ப் பதியாமலே வயது வந்தவர்களைப் பட்டியலில் சேர்க்கிற சட்டம் வந்த பிறகு எங்களுக்கு அதுதான் முதல் தேர்தல்.

வீட்டுக்குப் போய்க் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தாள்.

“என் பேரு எப்படி வந்துச்சு? நான் யாருகிட்டயும் குடுக்கலையே.”

“அதுவாவே வந்துருச்சுக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்.”

எல்லாருக்கும் என்பதை அவள் மெதுவாகத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

அக்காவுக்கு அப்போது ஐம்பத்தொரு வயது. இருபத்து மூன்றாவது வயதில், கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, காதில் குரல்கள் கேட்க ஆரம்பித்தன. நாங்கள் அப்போது ரப்பர் தோட்டத் தொழிலாளர்களின் லய வீடு ஒன்றில் இருந்தோம். தோட்டத்திலிருந்து தஞ்சோங் ரம்புத்தான் பக்கம்தான். எங்கள் மாநிலத்தில் அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் மனநல மருத்துவமனை என்றுதான் அர்த்தம். பள்ளியில் பையன்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்ளவும் அந்தப் பெயரைத்தான் சொல்வார்கள். அக்காவுக்குப் போவதும் வருவதுமாகப் பதினொரு வருடம் அங்கே கழிந்தது. பிறகு மருந்து ஒத்துக்கொண்டது. தோட்டம் விற்கப்பட்டு, லயங்கள் இடிபட்டு, நாங்கள் ஈப்போ ஓரத்தில் மலிவு வீட்டுக்கு வந்தபோது அவளும் எங்களோடு வந்துவிட்டாள். மாதம் ஒரு ஊசி, தினம் இரண்டு மாத்திரை. ஹோட்டல் விரிப்புகளைத் துவைத்துக் கொடுக்கும் டோபி ஒன்றில் இஸ்திரி இயந்திரத்தில் வேலை. அங்கே யாருக்கும் அவளுடைய பழைய கதை தெரியாது.

தேர்தலுக்கு முந்தைய இரண்டு வாரம் அவள் பழைய செய்தித்தாள் ஓரங்களில் கட்டம் போட்டு, அதற்குள் பெருக்கல் குறி போட்டுப் பழகினாள். கோடு கட்டத்தைத் தாண்டினால் ஓட்டு செல்லாமல் போய்விடுமா என்று கேட்டாள். சீட்டை எப்படி மடிப்பது என்று கேட்டாள். என் மனைவி கொஞ்சம் சிரித்துவிட்டு, பிறகு தானும் உட்கார்ந்து ஒரு தாளை மடித்துக் காட்டினாள்.

ஓட்டுப் போடும் அறைகளை வயதுப்படி பிரித்திருப்பார்கள். அக்காவுக்குக் கீழ்த்தளத்தில் இரண்டாவது அறை, எனக்கு மாடியில். அவளை அவளுடைய வரிசையில் நிறுத்திவிட்டு நான் மேலே போனேன். எனக்கு முன்னால் நீண்ட வரிசை. முடிந்து இறங்கி வர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

அக்கா அறைக்கு வெளியே நடைபாதையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். இடது ஆள்காட்டி விரலில் மை. கைப்பையை மடியில் நேராக வைத்திருந்தாள்.

“வாக்கா, போலாம்.”

“இரு தம்பி. கூப்பிடுவாங்க.”

“மை வச்சாச்சில்லக்கா. முடிஞ்சிருச்சு, வா.”

அவள் அறைக் கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து எழுப்பினேன். புதிதாக ஓட்டுப் போட வந்தவள், இன்னும் ஏதோ இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் எனக்குப் பட்டது. அவள் எழுந்து வந்தாள். யார் சொன்னாலும் எழுந்து வருகிற பழக்கம் அவளுக்கு அந்தப் பதினொரு வருடத்தில் வந்தது.

வழியில் ஒரு கடையில் சாப்பிட உட்கார்ந்தோம். பக்கத்து மேசைக்காரர் அவள் விரலைப் பார்த்து, கடமையை முடிச்சிட்டீங்க என்று சொல்லிப் புன்னகைத்தார். அக்காவும் தலையாட்டினாள். சோறு வந்தது. அவள் கை வைக்கவில்லை.

“சீட்டு எப்பத் தருவாங்க, தம்பி?”

அதன் பிறகுதான் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதல் மேசையில் அவள் பெயரை உரக்கப் படித்துப் பட்டியலில் கோடு போட்டிருக்கிறார்கள். இரண்டாவது மேசையில் மை வைத்திருக்கிறார்கள். மூன்றாவது மேசையில், சீட்டுக் கொடுக்கும் இடத்தில் இருந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சீட்டைத் திரும்பக் கீழே வைத்திருக்கிறார். எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதிய கிராணியின் மகன் அவர். இப்போது அரசாங்கத்தில் குமாஸ்தா. தேர்தலன்று அப்படிப்பட்டவர்களைத்தான் இந்த வேலைக்கு எடுப்பார்கள். அவர் எழுந்து போய் அறையின் பொறுப்பதிகாரியிடம் மலாயில் ஏதோ சொன்னாராம். மலாயில் சொன்னாலும் தஞ்சோங் ரம்புத்தான் தஞ்சோங் ரம்புத்தான்தானே. வரிசையில் இருந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். பொறுப்பதிகாரி வந்து, வெளியே உட்காருங்கள், கூப்பிடுகிறோம் என்று மரியாதையாகத்தான் சொல்லியிருக்கிறார். அவள் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. நான் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

சோற்றை அப்படியே விட்டுவிட்டுத் திரும்பி ஓடினோம். ஓட்டுப்பதிவு முடிய இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. பொறுப்பதிகாரி கதவருகே வந்து பேசினார். பெயர் வெட்டியாகிவிட்டது, விரலில் மை இருக்கிறது, வெளியே போனவரைத் திரும்ப விட்டால் இரண்டு தடவை ஓட்டுப் போட்டதாகிவிடும் என்றார். முதல் தடவையே போடவில்லையே என்றேன். அதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். மூன்றாவது மேசைக்காரரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வெளியே வந்தார். சின்ன வயதில் நான் அவரோடு தோட்டத்துத் திடலில் பந்து விளையாடியிருக்கிறேன்.

“அண்ணே, அவங்களுக்குச் சீட்டுக் குடுக்கலைன்னு நீங்களே சொல்லுங்க.”

“சத்தம் போடாத தம்பி. அக்கா நல்லதுக்குத்தான் சொன்னேன்லா. இந்தக் கூட்டத்துல அவங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

அக்கா எனக்குப் பின்னால் நின்றுகொண்டு என் சட்டையை மெல்ல இழுத்தாள். ஆறு மணிக்குக் கதவைச் சாத்தும்வரை நின்றோம்.

மறுநாள் போலீசில் ரிப்போர்ட் கொடுத்தேன். பிறகு தேர்தல் அலுவலகத்துக்குப் புகார்க் கடிதம். வேண்டாம், அவங்களுக்குத்தான் கஷ்டம் என்று மனைவி சொன்னாள். அக்காவும் போகட்டும் விடு என்றாள். நான் விடவில்லை. பெஞ்சிலிருந்து அவளை எழுப்பிய கை என்னுடையது. அதை நினைக்கும்போதெல்லாம் இன்னொரு கடிதம் எழுதினேன்.

தேர்தல் அலுவலக முகப்பில் இருந்த பெண் அக்காவிடம் கேட்க வேண்டியதையெல்லாம் என்னிடம் கேட்டாள். இவருக்குப் புரியுமா என்றும் என்னிடமே கேட்டாள். டாக்டர் கடிதம் வேண்டும் என்றார்கள். டாக்டர் நல்லவர். இவர் சொந்த வீட்டில் வாழ்கிறவர், வேலைக்குப் போகிறவர், ஓட்டுப் போட எந்தத் தடையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். ஆனால் இதற்கெல்லாம் அக்கா மூன்று நாள் விடுப்பு எடுக்க வேண்டியிருந்தது. டோபியில் காரணம் கேட்டார்கள். நான்தான் அந்தக் கடிதத்தின் நகலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதில் என்ன மருத்துவமனை என்று மேலே அச்சடித்திருந்ததை நான் யோசிக்கவில்லை. அடுத்த வாரம் அவளை இஸ்திரி இயந்திரத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். சூடான இயந்திரம், எதற்கு வம்பு என்றார்களாம். துணி மூட்டை தூக்கும் வேலை கொடுத்தார்கள்.

நாலு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். குளிரூட்டிய அறையில் மூன்று அதிகாரிகள். கிராணியின் மகனும் ஒரு ஓரமாக இருந்தார். அக்காவிடம் இன்று என்ன கிழமை என்று கேட்டார்கள். எங்கள் மாநில முதல்வர், மந்திரி புசார் யார் என்று கேட்டார்கள். இரண்டுக்கும் சரியாகச் சொன்னாள். ஏன் அறையை விட்டு வெளியே போனீர்கள் என்று கேட்டார்கள்.

“போகச் சொன்னாங்க. போனேன்.”

வெளியில் போய் உட்காரச் சொன்னோம், பள்ளிக்கூடத்தை விட்டுப் போகச் சொன்னோமா என்று கேட்டார்கள். அவள் இல்லை என்றாள். அங்கிருந்து யார் கூட்டிக்கொண்டு போனது என்றார்கள். அவள் பேசவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் அவள் வாயைத் திறக்கவில்லை என்று தெரிந்தது.

“நான்தான்,” என்றேன். அதை எழுதிக்கொண்டார்கள்.

பதில் கடிதம் ஒரு பக்கம்தான். வாக்காளருக்கு வாக்குரிமை மறுக்கப்படவில்லை. அவர் காத்திருக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார். அழைக்கப்படும் முன் குடும்ப உறுப்பினருடன் தாமாகவே வெளியேறினார். அவருடைய பெயர் பட்டியலில் தொடர்ந்து இருக்கிறது, அடுத்த தேர்தலில் தாராளமாக வாக்களிக்கலாம். இப்படித்தான் இருந்தது. அதில் பொய் என்று விரல் வைத்துக் காட்ட ஒரு வரிகூட எனக்குக் கிடைக்கவில்லை. மலாயில் இருந்ததை அக்காவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன். அடுத்த தேர்தல் என்ற இடத்தில் அவள் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னாள்.

“இனிமே என் பேர எங்கயும் எழுதாத, தம்பி. யாரும் படிக்க வேணாம்.”

சரி என்றேன். அவள் எழுந்து போய், மூட்டை தூக்கி வலித்த தோளில் தைலம் தேய்த்துக்கொண்டாள்.

ஆனாலும் அவளுக்குத் தெரியாமல் ஒரு மேல்முறையீடு எழுதி அனுப்பினேன். அவளுக்காக எழுதினேனா, எனக்காக எழுதினேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. வந்து சேர்ந்தது என்று ஒரு வரிகூட வரவில்லை. இரண்டு தடவை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். முதல் தடவை, அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார் என்றார்கள். இரண்டாவது தடவை, கோப்பைத் தேட வேண்டும், யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்கள். நான் அக்காவின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். பின்னால் வரிசையில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். சொல்லாமலே திரும்பி வந்துவிட்டேன்.