நின்ற இடத்திலேயே ஓடிய எட்டு சிலிண்டர் கார்

"இன்னொரு தபா அந்த வண்டி ரோட்டுல பறந்துச்சுன்னா, ஷாப்பைப் பூட்டி சாவிய எடுத்துக்கினு போயிடுவேன்" என்று சப்-இன்ஸ்பெக்டர் சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்று காலை பாகாலா ரோட்டில் நான் டெஸ்டுக்கு ஓட்டிய காரைக் கண்டு மாடுகள் மிரண்டு, ஒரு மாட்டுவண்டி கரும்புத் தோட்டத்துக்குள் இறங்கியிருந்தது. வெள்ளைக்காரன் காலம், போலீஸ் சொன்னால் சொன்னதுதான்.

அப்போது நான் சித்தூரில் சாமுவேல் முதலாளியின் மோட்டார் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கார், சந்திரகிரிப் பக்கத்துப் பண்ணைக்காரர் ரெட்டிகாருவுடையது. எட்டு சிலிண்டர், அமெரிக்காவில் செய்தது. வேகம் பிடித்ததும் மூச்சு முட்டித் திணறும். ஏற்றத்தில் இன்னும் மோசம். மதராஸில் இரண்டு முறை எஞ்சினைப் பிரித்தும் சரியாகவில்லை. "மீரு, நீங்களும் செய்யலேன்னா வித்துடறேன்" என்று ரெட்டிகாரு சொல்லிவிட்டுப் போயிருந்தார். முதலாளியோ சரிசெய்து தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டார். இனி ரோட்டில் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

"ரோட்டுலதானே ஓடக்கூடாது? இங்கயே ஓட வைக்கலாம் மாணிக்கம்" என்றார் முதலாளி.

மூடிப்போன எண்ணெய் மில்லிலிருந்து இரண்டு இரும்பு உருளைகளைக் கொண்டுவந்தோம். குழி தோண்டி, பேரிங் வைத்து, பின்சக்கரங்கள் அவற்றின்மேல் உட்காரும்படி பொருத்தினோம். ஒரு உருளையின் ஷாஃப்டில் பெரிய சக்கரம். அதை இரண்டு மரக்கட்டைகள் பிரேக்போல் கவ்வும். கட்டையிலிருந்து நீண்ட இரும்புக் கை, அதன் முனையில் புளி மண்டியில் வாங்கிய கொக்கித் தராசு. எஞ்சின் எவ்வளவு பலமாக இழுக்கிறதோ, அவ்வளவுக்கு முள் ஏறும்.

காரை வேப்பமரத்தோடு சங்கிலி போட்டுக் கட்டினோம். நான் ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். முதலாளி பிரேக்கை இறுக்கினார். முள் ஏறியது. கூடவே கட்டையிலிருந்து குபுகுபுவென்று புகையும் எழுந்தது.

"ஐயோ, ஷாப்பு எரியுது!" என்று முதலாளியின் மனைவி கிரேஸ் அம்மா கையில் அகப்பட்ட பானையோடு ஓடிவந்து சக்கரத்தின்மேல் கவிழ்த்தார். அது மத்தியானம் வடித்த கஞ்சி. முதலாளியின் முகமெல்லாம் சோற்றுப் பருக்கை. ஆனால் புகை அடங்கிவிட்டது, பிரேக் நின்று பிடித்தது!

"கிரேஸ், இன்னும் ஊத்து! கஞ்சி வேணாம், தண்ணி!" என்று அவர் சிரித்துக்கொண்டே கத்தினார்.

அதன்பிறகு ஒரு டின்னில் ஓட்டை போட்டு, சக்கரத்தின்மேல் தண்ணீர் சொட்ட விட்டோம். மறுபடி முழு பலத்தில் ஓட்டினோம். முள் பாதி ஏறி, சட்டென்று விழுந்தது. கார் நின்ற இடத்தில் ஓடியதால் பானெட்டைத் திறந்துவைத்தே பார்க்க முடிந்தது. எஞ்சினுக்குப் பெட்ரோல் இறைக்கும் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவனித்த முதலாளி கூவினார்: "கிண்ணம் காலி ஆவுது! எஞ்சின் பட்டினி கிடக்குதுப்பா!"

அடியில் படுத்துப் பார்த்தேன். டாங்கிலிருந்து வரும் குழாய் ஏதோ கல் பட்டு நசுங்கியிருந்தது. மெதுவாக ஓடும்போது போதிய பெட்ரோல் வரும். முழு பலத்துக்கு வராது. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

புதுக் குழாய் போட்ட அன்று ரெட்டிகாரு வந்திருந்தார். முள் ஏறிக்கொண்டே போய்த் தராசின் கடைசிக் கோட்டில் முட்டியது. "அப்பா! பண்டி பறக்குது! வண்டி பறக்குது!" என்று குதித்தார். கார் என்னவோ நின்ற இடத்தைவிட்டு அங்குலம்கூட நகரவில்லை. அன்றைக்கு எல்லோருக்கும் கிரேஸ் அம்மா பாயசம் வைத்தார்.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: சும்மா நிற்கும் எஞ்சின் தன் நோயைக் காட்டாது. ஸ்பானரை எடுக்குமுன் அதற்குப் பாரம் கொடுத்து, பக்கத்தில் நின்று பாருங்கள்.