அம்மாவுக்கு நான் சொன்ன பொய்

என் அம்மாவுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. சின்ன வயதில் வந்த காய்ச்சலில் போனது என்று சித்தி சொல்வாள். அப்பா இறந்த பிறகு அம்மா மீஞ்சூரில் ஓர் அரிசி ஆலையில் நெல் காயவைக்கப் போனாள். எங்களுக்குள் கைஜாடைதான் பேச்சு. அது தெரிந்த இன்னொருத்தி சித்தி. அவள் திருநின்றவூரில் இருந்தாள்.

அறுபதுகளின் கடைசி. ஏழாம் வகுப்பு அரைப்பரீட்சையில் கணக்கில் ஒன்பது மார்க் வாங்கினேன். டீச்சர் அம்மாவை அழைத்து வரச் சொன்னார். அம்மா அரைநாள் வேலையை விட்டுவிட்டு, நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தாள். டீச்சர் சொல்வதை அவளுக்கு ஜாடையில் சொல்ல என்னைத் தவிர அங்கே ஆள் இல்லை. அது சரிதானா என்று யாரும் யோசிக்கவும் இல்லை.

"இப்படியே போனா ஃபெயிலாயிடுவே. தினம் சாயங்காலம் அரைமணி நேரம் இரு, நான் சொல்லித் தரேன். அம்மா கிட்ட கேளு" என்றார் டீச்சர்.

நான் நன்றாகப் படிப்பதாக டீச்சர் சொல்கிறார் என்று அம்மாவுக்கு ஜாடை காட்டினேன். அம்மா சிரித்தாள். டீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"சரின்னுட்டாங்களா?"

"ஊட்ல வேலை இருக்குதாம். முடியாதுன்றாங்க டீச்சர்."

டீச்சர் அம்மாவின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எங்களைப் போகச் சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் ஃபெயிலானேன். அம்மா அடிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. டீச்சர் கோடை விடுமுறையில் மாற்றலாகிப் போய்விட்டார். அதன் பிறகு அம்மா பள்ளிக்கூடத்துப் பக்கமே வரவில்லை. எட்டாவதோடு என் படிப்பும் நின்றது.

எழுபதுகளின் கடைசியில், கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் நான் வேலைக்குச் சேர்ந்திருந்தபோது அம்மா இறந்தாள். காரியம் முடிந்த மறுநாள், யாரிடமும் சொல்லாத அந்தப் பொய்யைச் சித்தியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"அவளுக்கு அன்னைக்கே தெரியும். டீச்சர் மொகத்துல சிரிப்பே இல்ல, உன் கை மட்டும் நல்லா படிக்கறேன்னு சொல்லிச்சின்னு, அந்த டீச்சர் மாத்தலாகிப் போனப்புறம் எங்கிட்ட காட்டுனா."

"அப்புறம் ஏன் சித்தி ஒண்ணுமே கேக்கல?"

"டீச்சர் கிட்ட இன்னான்னு கேக்கறதுக்கும் உன் கைதானேடி வேணும் அவளுக்கு?"

சித்தி என் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.