இடது பக்கத்துத் தொட்டி

லிஃப்ட்காரர் என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவரைத் தெரியும். நின்றுபோன லிஃப்ட்டுகளை ஓடவைப்பது அவர் தொழில். அவர் மனைவி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள். இடது பக்கக் கண்ணாடியைப் பாரு என்று தொண்டை வறளக் கத்தியே பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கிக்கொடுத்தவள் என்று அவள் தங்கை கேலி செய்வாள். அப்படிப்பட்டவள் ஒரு நாள் காலை பல் துலக்கிக்கொண்டிருந்தபோது குளியலறையில் சரிந்தாள். மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு. பிழைத்துக்கொண்டாள். பேச்சு போகவில்லை, வாய்த்துடுக்கும் போகவில்லை. உலகத்துக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பது மட்டும் அவளுக்கு மறந்துபோயிற்று.

கண்ணில் பழுது இல்லை. அந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று தோன்றுவதில்லை, அவ்வளவுதான். தட்டின் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, என்னங்க இன்னிக்குப் பட்டினி போடறீங்களா என்று கேட்பாள். அவர் தட்டைத் திருப்பி வைத்தால் மீதியையும் சாப்பிடுவாள். இடது பக்கம் உட்கார்ந்து பேசினால் வலது பக்கச் சுவருக்குப் பதில் சொல்வாள்.

வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுத்த பிசியோதெரபி பெண் அவரை வாசல்வரை அழைத்துப்போய்த்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"அந்தப் பக்கம் அசையுற மாதிரி ஏதாவது வைங்க சார். அவங்களாத் திரும்பணும். நீங்க தலையைப் பிடிச்சுத் திருப்பறதெல்லாம் கணக்குல சேராது. இந்தக் கொஞ்ச மாசத்துல வந்தா வந்ததுதான்."

டிவியை இடது பக்கம் மாற்றிப் பார்த்தார். காதில் விழுகிறதே, அது போதும் என்று இருந்துவிட்டாள். சத்தமில்லாத, ஆனால் அசைகிற பொருள் வேண்டும். வளர்ப்பு மீன் கடைக்குப் போய் இதைச் சொன்னதும் கடைக்காரர், மீன் மட்டும் போதாது, உயிருள்ள செடிகளும் வைக்க வேண்டும் என்றார். நல்ல வெளிச்சமும் கார்பன் டை ஆக்ஸைடும் கிடைத்தால் இலைகளிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழிகள் கிளம்பி மேலே போய்க்கொண்டே இருக்கும் என்றார்.

தொட்டி வந்தது. கூடவே ஒரு சின்ன கேஸ் சிலிண்டர், விளக்கு, அதற்கு ஒரு டைமர், சொட்டுச் சொட்டாக விட வேண்டிய உரம் எல்லாம் வந்தன. அக்காவுக்குத் திட்ட ஆள் பத்தவில்லையென்று மீனையும் கூட்டிவந்துவிட்டாரே மாமா என்றாள் தங்கை. கட்டிலுக்கு இடது பக்கம், மேசை போட்டு வைத்தார். இலைகள் குமிழ்விடத் தொடங்கின. அவள் வலது பக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். விட்டுவிடலாமா என்று அவருக்கு அலுத்துப்போயிருந்த ஒரு மாலையில், தேநீரை ஆற்றிக்கொண்டிருந்தவர் தற்செயலாக நிமிர்ந்தார். அவள் கழுத்து திரும்பியிருந்தது. யாரோ கூப்பிட்டதுபோல் கொஞ்சம்தான். பிறகு இன்னும் கொஞ்சம்.

"அது என்னங்க, கொதிக்குதா?"

அவர் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். முகம் கழுவினாரா அழுதாரா என்று அவருக்கே நிச்சயமில்லை.

அதன் பின் அவள் தினமும் திரும்பினாள். குறுக்கே பாய்கிற மீன்களைப் பார்த்து, இண்டிகேட்டர் போடாமல் திரும்புதே சனியன் என்று ஏசினாள். தட்டின் இடது பக்கம் ஒரு வாய் எடுத்தாள். விளக்கு எரியும் நேரம் மட்டும்தான் இதெல்லாம். அணைந்துவிட்டால் தலை வலது பக்கம் போய்விடும். டைமர் அணைத்ததும், அதுக்குள்ள ஏங்க சாத்திட்டீங்க என்று கேட்டாள். அவருக்கும் என்ன, அவள் திரும்பியிருக்கிற நேரம் நீள வேண்டும். டைமரை நகர்த்தினார். பிறகு இன்னும் நகர்த்தினார். கடைசியில் அவள் கண் விழித்ததிலிருந்து தூங்கும்வரை விளக்கு எரிந்தது.

பாசி பிடித்தது. முதலில் கண்ணாடியில் பச்சைத் தூசிபோல. பிறகு இலை ஓரங்களில் முடிமுடியாக.

லிஃப்ட் நின்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். கண்டுபிடித்து மாற்றினால் ஓடும். இத்தனை வருஷமும் அவர் பிழைப்பு இந்த நம்பிக்கையில்தான் நடந்தது. பாசி எதைத் தின்று வளர்கிறது? உரத்தை. உரத்தை நிறுத்தினார். பாசி வாடவில்லை, செடிகள்தான் வாடின. இலைகளில் ஓட்டை விழுந்து ஓரம் மஞ்சளாயிற்று. செடிக்குத் தெம்பில்லாததால்தான் பாசி ஏறுகிறது என்று அடுத்ததாக நினைத்து, கேஸ் வால்வைத் திருகிவிட்டார். தொட்டிக்குள் ஒட்டியிருந்த சின்னக் குப்பியில் திரவம் பச்சையாக இருக்கும்வரை பயமில்லை, கேஸ் அதிகமாகி மஞ்சளானால் மீனுக்கு ஆபத்து என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வேலைக்குப் போய்விட்டுத் திரும்பியபோது அது எலுமிச்சை நிறத்தில் இருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. சில அதையும் செய்யவில்லை.

கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"அண்ணே, லைட்டுதான் பசியைக் கிளப்பி விடுறது. கேஸும் உரமும் சோறு. நீங்க நாள் பூரா பசியைக் கிளப்பிவிட்டுட்டு சோத்துப் பானையை மூடிட்டீங்க. செடி சுருண்டுடும். பாசி கிடைச்சதைத் தின்னுட்டு உக்காந்துக்கும். லைட்டைக் குறைக்காம வேற எதைத் திருகினாலும் ஒண்ணும் ஆகாது."

விளக்கைக் குறைக்க முடியாது என்றார் அவர். ஏன் என்று சொல்லவும் செய்தார். கடைக்காரர் கையிலிருந்த மீன்வலையைக் கீழே வைத்தார். இந்த நிலையில் குறைத்தாலும் போதாது, தொட்டியையே சில நாள் மூடிப் போட்டு இருட்டில் பாசியைச் சாகவிட வேண்டும், நடுவில் எட்டிப் பார்க்கவும் கூடாது என்று சொன்னார். இல்லையென்றால் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம், செடி வேர்பிடித்துக் குமிழ்விட மாதக்கணக்காகும்.

மாதக்கணக்கு அவர் கையில் இல்லை. கண்ணாடி முழுக்கப் பச்சை படிந்து உள்ளே ஒன்றும் தெரியாமல் போயிருந்தது. சுரண்டினால் மறுபடி படிந்தது. அவள் திரும்புவதும் குறைந்திருந்தது. போர்வையோடு அவர் மேசைப் பக்கம் வந்த சத்தம் கேட்டு, அன்றைக்கு என்னவோ, சரியாகத் திரும்பினாள்.

"எதுக்கு மூடறீங்க?"

"பாசி சாகணும். அப்புறம் பளிச்சுனு ஆயிடும்."

"பாசியோடவே இருக்கட்டுமேங்க. இருக்குன்னாவது தெரியும்."

அவள் சொன்னபடி விட்டிருக்கலாம். ஆனால் ரிப்பேர்காரன் கைக்குப் பழுதைப் பழுதாகவே விட்டுவைக்கத் தெரியாது. கொஞ்ச நாள்தான் என்று சொல்லி, வெளிச்சம் புகாதபடி போர்வையைச் சுற்றி இழுத்துக் கட்டினார். மறுநாள் அவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். ஆடாத ஒரு துணி. அதற்கடுத்த நாள் பார்க்கவில்லை. வழக்கமாக வந்த பிசியோதெரபி பெண், இடது பக்கம் நின்று கையைத் தட்டிக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, குறிப்பு எதுவும் எழுதாமல் பேனாவை மூடினாள். துணியை இப்போதே எடுத்துவிடவா என்று கேட்டார். எடுத்துப் பாருங்க சார் என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

அவர் அப்போதும் எடுக்கவில்லை. கடைக்காரர் சொன்ன நாள் முடியட்டும் என்று இருந்தார். முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போர்வையை அவிழ்த்தார். பாசி செத்து நூல்நூலாகக் கிடந்தது. உறிஞ்சி எடுத்தார். தண்ணீரை மாற்றினார். அளவாக உரம் விட்டார், குப்பி பச்சையாகும்வரை கேஸைத் திறந்தார், விளக்கைப் போட்டார். மீதியிருந்த மீன்கள் கூச்சத்தோடு வெளியே வந்தன. மதியத்துக்குள் குட்டைச் செடிகளின் நுனியில் முதல் குமிழி தொங்கி, அறுந்து, மேலே போயிற்று. பின்னாலேயே இன்னொன்று. தண்ணீர் இருப்பதே தெரியாத அளவுக்குத் தெளிவாக இருந்தது. கடையில்கூட இப்படி ஒரு தொட்டியை அவர் பார்த்ததில்லை. எட்டிப் பார்த்த தங்கை, மாமா, சினிமா செட்டு மாதிரி இருக்கு என்றாள். பிறகு அக்காவைப் பார்த்தாள். உடனே துணி மடிக்கப் போய்விட்டாள்.

அவர் தொட்டி ஓரமாக முக்காலி போட்டு உட்கார்ந்தார். கூப்பிட்டார். அவள் வலது பக்கச் சுவரைப் பார்த்தபடி, சொல்லுங்க என்றாள். ஒன்றுமில்லை, சும்மா என்றார். அவள் தலை தலையணையில் சுவர்ப் பக்கமே சாய்ந்திருந்தது. கைநீட்டினால் எட்டும் தூரம்தான். கைகளை முழங்காலுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டார். மீன்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்ந்தன. பச்சை வெளிச்சம் அவள் இடது கன்னத்தில் விழுந்து அசைந்துகொண்டிருந்தது.

விளக்கு அணைவதற்குக் கொஞ்சம் முன்னால் அவளாகவே கேட்டாள்.

"அந்தத் துணியை எப்போங்க எடுப்பீங்க?"

"நாளைக்கு," என்றார் அவர். "நாளைக்கு எடுத்துடறேன்."