பிலோமினாவின் கிறிஸ்துமஸ் திரைகள்

டிசம்பர் இரண்டாம் வாரம், திருவொற்றியூரில் ஒரு வீட்டு ஹாலில் ஸ்டூல் மேல் நின்று சிவப்புத் திரை மாட்டிக்கொண்டிருந்தேன். பிலோமினாவின் கணவர் ஆரோக்கியம் அண்ணன் போன் செய்தார். "பிலோ நம்மள வுட்டுட்டுப் பூட்டாம்மா," என்றார். ஸ்டூலைவிட்டு இறங்காமல் மீதித் திரையையும் மாட்டி முடித்தேன். அழுகை பிறகுதான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

அவளோடு பழகியவர்களுக்கு இது புரியும். ராயபுரத்தில் நாங்கள் இருவரும் பதினாறு வருடம் திரை தைக்கும் கடை நடத்தினோம். கிறிஸ்துமஸுக்கு ஜன்னல் அலங்காரம் செய்து தரலாம் என்றது அவள்தான். "வாசல்ல ஸ்டார் தொங்குனா தெரு பாக்கும். வூட்டுக்குள்ள கீறவங்களுக்கு ஜன்னல்தானே," என்பாள். துறைமுகச் சாலை வீடுகளுக்கு வெள்ளை லேஸ் வேண்டாம், லாரிப் புழுதியில் இரண்டே நாளில் கறுத்துவிடும் என்று வருடா வருடம் சொல்வேன். "ரெண்டு நாள் வெள்ளையா கீதுல்ல," என்று லேஸையே வெட்டுவாள்.

மூன்று வருடங்களுக்கு முன் காசிமேட்டில் ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனாள். எதிர்வீட்டில் அந்த வருடம்தான் ஒருவர் இறந்திருந்தார். அவருடைய சின்ன மகள் ஜன்னலில் உட்கார்ந்து அடுத்தவர் வீட்டு நட்சத்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். துக்க வீட்டில் அலங்காரம் கூடாது என்பது அவள் பாட்டியின் கண்டிப்பு. யாரும் கேட்காமலே பிலோ அந்த ஜன்னலுக்கு ஒரு வெள்ளைத் திரை தைத்தாள். தெருவிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளை. உட்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஜரிகை நட்சத்திரங்கள். அந்தப் பாட்டி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உள்ளதானே கீது. மாட்டு," என்றாராம்.

நல்ல கதைதான். ஆனால் அதற்கு இரண்டு முழு நாள் போயிற்று. சொன்ன நாளில் திரை வராத இரண்டு வீட்டுக்காரர்கள் கடை வாசலில் வந்து கத்தினார்கள். கேட்டுக்கொண்டு நின்றது நான். திரும்பி வந்தவள், "நீ பொறுமையா திட்டு வாங்குவ கஸ்தூரி. எனக்குக் கோவம் வந்துரும்," என்று சிரித்தாள்.

போன ஆகஸ்டிலிருந்தே இருமினாள். பஞ்சுத் தூசி என்றாள். ஸ்கேன் எடுக்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நவம்பரில் எங்கள் அளவு நோட்டுக்குள் பார்த்தேன். மூன்று மாதம் பழைய சீட்டு.

"எங்கிட்ட இன்னாத்துக்கு மறைச்ச?"

"சொன்னா கடைய மூடிட்டு என்னை இழுத்துகினு போவ. கிறிஸ்மஸ் முடியட்டும்."

"கிறிஸ்மஸ் வருசா வருசம் வருது. நீ வருவியா?"

அவள் மெஷினை ஓட்டினாள். மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நான்காம் நாள் கடையிலேயே மூச்சுத் திணறி விழுந்தாள். "முன்னாடியே வந்திருக்கலாம்," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். கட்டிலில் கிடந்தும் அவளுக்குத் திருவொற்றியூர் வீட்டு நினைப்புதான். "நீ போய் மாட்டிட்டு வா. நான் எங்க போவப்போறேன்?" என்று என்னை அனுப்பினாள். அவள் பேச்சைக் கேட்டு நான் போனேன்.

அடக்கத்தன்று அவள் வீட்டு ஜன்னலைப் பார்த்தேன். ஆணியில் ஒரு பழைய துண்டு தொங்கியது. "திரை தச்சு மாட்டுன்னு எத்தினியோ வாட்டி சொல்லிட்டேன். அடுத்த வருசம்னுவா," என்றார் அண்ணன்.

கிறிஸ்துமஸுக்கு நான்கு நாள் இருக்கும்போது, எட்டு வீட்டுத் திரைகள் பாக்கியிருக்க, கடைக்கு ஒரு நாள் பூட்டு போட்டேன். எனக்கும் ஒரு வருடமாக இருமல் உண்டு. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு வாடிக்கையாளர் போன் செய்து, திரை எங்கே என்று சத்தம் போட்டார். "நாளைக்கு வரும்," என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். பிலோவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அவள் மேலுள்ள இந்தக் கோபம்தான். என்னை அந்த வரிசையில் உட்கார வைத்ததும் அதுதான். அது தணிய வேண்டும் என்று நான் ஜெபிக்கவில்லை.