கொடுக்க ஒரு ஆள்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ரமலான் மாதம். நோன்பின் கடைசிப் பத்து நாட்களுக்குள் வந்த ஞாயிற்றுக்கிழமை அது. நடந்த இடம் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒரு பள்ளிவாசல், பெண்கள் தொழும் மாடி.

அதற்கு முந்தைய ஆண்டுதான் என் கணவர் இறந்திருந்தார். ஒரே மகன் மெல்பர்னில் வேலை பார்க்கிறான். புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் நாலறை வீட்டில் நான் மட்டும். மற்ற மாதங்களில் தனியாக இருப்பது ஓரளவு பழகிவிட்டது. ரமலானில்தான் முடியவில்லை. விடியுமுன் சாப்பிடும் சஹருக்கு என்னை எழுப்பவும் ஆளில்லை, நான் எழுப்பவும் ஆளில்லை. மாலையில் வானொலியில் பாங்கு கேட்டதும் சமையலறையில் நின்றபடியே ஒரு பேரீச்சம்பழத்தைக் கடித்துத் தண்ணீர் குடித்துவிடுவேன். மேசையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலியைப் பார்க்க வேண்டியிருக்கும்.

கடைசிப் பத்து இரவுகளில் ஏதோ ஒன்றுதான், ஆயிரம் மாதங்களைவிடச் சிறந்த லைலத்துல் கத்ர் இரவு. அது எந்த இரவு என்று நமக்குத் தெரியாது. அதைத் தவறவிடக் கூடாது என்றுதான் எல்லா இரவும் தொழுவோம், தர்மம் கொடுப்போம். எங்கள் வீட்டில் தர்மம் கொடுப்பது கணவரின் வேலை. பொழுது சாய்ந்ததும் மஃரிப் தொழுதுவிட்டு, யார் கையிலாவது எதையாவது கொடுத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார். அவர் இல்லாத அந்த ஆண்டு, மகன் போனில் வழி சொல்லிச் சொல்லி, தர்மப் பணம் தினமும் தானாகப் போகும்படி என் கைப்பேசியிலேயே ஏற்பாடு செய்து கொடுத்தான்.

“நீங்க ஒண்ணும் பண்ண வேணாம் லா, உம்மா. பத்து ராத்திரியும் தானாவே போயிடும். ஒரு நைட்கூட மிஸ் ஆகாது” என்றான்.

நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். மாலையானால் கைப்பேசியில் ஒரு சின்னச் சத்தம் வரும். அன்றைய தர்மம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். எனக்குத்தான் யாருக்கும் எதையும் கொடுத்த மாதிரியே இல்லை.

அந்த ஞாயிறு, பிற்பகல் அசர் தொழுதுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். மேல்வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள் போலும், பிள்ளைகள் ஓடியாடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திடீரென்று எனக்கு வீட்டுக்குள் மூச்சு முட்டியது. உடை மாற்றக்கூடத் தோன்றவில்லை. வெளுத்துப்போன வீட்டு உடையோடு, தொழும்போது தலையை மூடும் மக்கனாவை மட்டும் பையில் திணித்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறிவிட்டேன்.

லிட்டில் இந்தியாவில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நடைபாதையில் நடக்க இடமில்லை. அத்தனை பேரும் யாருடனாவது பேசிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்ததைவிட அந்தக் கூட்டத்துக்குள் நடக்கும்போதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

பள்ளிவாசல் மாடியில் பாய் விரித்துக் கஞ்சி வைத்திருந்தார்கள். ஒரு கிண்ணத்தை வாங்கிக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தேன். நோன்பு திறக்கப் பேரீச்சம்பழம் எடுத்துவர மறந்தது அப்போதுதான் தெரிந்தது. பக்கத்தில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தன் டப்பாவைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். பழமும் இரண்டு பருப்பு வடையும் இருந்தன. பாங்கு சொன்னதும் இருவரும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்து நோன்பு திறந்தோம். பல மாதங்களுக்குப் பிறகு, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மஃரிப் தொழுகை முடிந்ததும் அவர் பேச ஆரம்பித்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஒரு சீனக் குடும்பத்தில் வீட்டு வேலை பார்க்கிறாராம். நல்ல மனிதர்கள்தான், நோன்பு வைக்க விடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கொடுக்கிறார்கள் என்றார். பிறகு என் பழைய உடையை ஒருமுறை பார்த்துவிட்டு, “நீங்களும் வீட்டு வேலைதானா லாத்தா? எந்தப் பக்கம்?” என்று கேட்டார். எங்கள் வழக்கில் அக்காவை லாத்தா என்போம்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது ஆண்டுகள் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒருவர் என்னிடம் உட்கார்ந்து பேசுவதே அபூர்வமாகிவிட்ட நாட்கள் அவை. சொன்னால் எழுந்து போய்விடுவாரோ என்ற பயம். “புக்கிட் பாஞ்சாங்” என்று மட்டும் சொன்னேன்.

வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒருவர்தான் என்றேன்.

“ஒரே ஆளா? அப்ப வேலை கம்மிதான்” என்றவர், கொஞ்சம் யோசித்து, “ஆனா அந்த மாதிரி வீடுதான் கஷ்டம் லாத்தா. நாள் பூரா வாயத் தொறக்க முடியாது. பேச்சே மறந்துபோயிடும்” என்றார்.

நான் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும்.

அவர் தன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து என் மடியில் வைத்தார். உள்ளே ஒரு புது வெள்ளை மக்கனா, அழகாக மடித்து இருந்தது. சதகாவாக, அதாவது தர்மமாகக் கொடுக்க எடுத்துவைத்ததாம், இன்றைக்கு நான்தான் வாங்கிக்கொள்ள வேண்டுமாம். “ஓரம் நானே தச்சேன். கோணலா இருக்கும், பாத்துக்காதீங்க” என்றார்.

கையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கக் கொடுத்த குடும்பம் நாங்கள். யாரிடமும் தர்மம் வாங்கியதில்லை. அதுவும் இவரிடமா? இனியும் உண்மையைச் சொல்லாமல் இருப்பது பாவம் என்று பட்டது. அது என் சொந்த வீடுதான், அந்த ஒரே ஆள் நான்தான், எனக்கு எந்தக் குறையும் இல்லை, இதைக் கஷ்டப்படும் யாருக்காவது கொடுங்கள் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. தலையைக் குனிந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். கோபித்துக்கொண்டு எழுந்துவிடுவார் என்று நினைத்தேன். எழவில்லை. உறையைத் திரும்ப எடுக்கவும் இல்லை.

“ஊருக்குக் காசு அனுப்புறேன் லாத்தா. எம் பேரால வீட்ல குடுத்துடுறாங்க. ஆனா இந்தப் பத்து ராத்திரியில எங் கையால ஒருத்தருக்குக் குடுக்கணும்னு இருக்கும். இங்க எனக்கு யாரத் தெரியும்? போன வருசம் தச்சது அப்படியே பெட்டியிலேயே கெடந்துச்சு. குடுக்குறதுக்கும் ஒரு ஆள் வேணும்ல?”

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “நீங்க ஏழைன்னு நெனச்சுக் குடுக்கல. வந்ததுலேருந்து பாத்தேன், தனியாவே உக்காந்திருந்தீங்க” என்றார்.

நான் அந்த மக்கனாவை எடுத்து உதறி, அங்கேயே தலையில் போட்டுக்கொண்டேன். அவர் கையை நீட்டி, முகத்தருகே சுருங்கியிருந்த துணியைச் சரிசெய்துவிட்டார். கணவர் இறந்த பிறகு, துக்கம் விசாரிக்க வந்தவர்களைத் தவிர, என்னை ஒருவர் தொட்டது அப்போதுதான். அதற்குமேல் அழுகையை அடக்க முடியவில்லை. அவரும் அழுதார். ஏன் என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. இரவு இஷா தொழுகையில் தோளோடு தோள் நின்றோம். தொழுகை முடிந்ததும், நேரத்துக்குள் வீடு திரும்ப வேண்டும், அடுத்த ஞாயிறும் வருவேன் என்று சொல்லி ஓட்டமும் நடையுமாகப் படியிறங்கிப் போனார். பெயரைக்கூட நான் கேட்டிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பெருநாளுக்கு மறுநாள். வட்டிலாப்பம் செய்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு அசருக்கே போய்விட்டேன். அவர் வரவில்லை. விடுமுறை கிடைக்கவில்லையோ, முதலாளி குடும்பத்தோடு வெளியூர் போனாரோ, தெரியாது. அதற்குப் பிறகும் பல ஞாயிறு போய்ப் பார்த்தேன். இன்றுவரை அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

அந்தப் பெருநாள் மறுநாள், மஃரிப் முடிந்தும் டப்பா என் மடியிலேயே இருந்தது. தூணருகே ஓர் இளம்பெண் தனியாக உட்கார்ந்திருந்தார், இந்தோனேசியப் பெண்ணாக இருக்கலாம். அவரிடம் போக எனக்கு வெகுநேரம் ஆனது. என்ன நினைப்பாரோ, வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. முகம் தெரியாத ஒருவரிடம் போய் “இந்தாங்க” என்று நீட்டுவது இவ்வளவு கடினம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. போன ஞாயிறு எனக்கு மக்கனா கொடுத்தவருக்கும் இப்படித்தானே அடித்துக்கொண்டிருக்கும்? கடைசியில் போய் உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் பெருநாள் பலகாரம் என்று சொல்லி நீட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, நான் உட்கார இடம்விட்டு நகர்ந்துகொண்டார்.

என் வீட்டில் இன்றும் நான் ஒருத்திதான். ஆனால் அந்தக் கடைசிப் பத்து இரவுகள் வரும்போதெல்லாம், கூட்டத்துக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு முகத்தை என் கண் தேட ஆரம்பித்துவிடுகிறது, அந்த முகம் எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும் என்பதால்.