இடது மூக்கில் மூக்குத்தி

என் சின்னம்மாவுக்கு இருந்தது ஒரே ஒரு படம். அது அவள் படமே இல்லை என்று ஊர் சொன்னது. நான்தான் அது என்று அவள் சாகிற வரைக்கும் சொன்னாள். நான் எப்போதும் சின்னம்மா கட்சி. காரணம் கேட்டால் சொல்ல வராது, ஆனாலும் அந்தக் கட்சிதான்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. எங்கள் வீடு திருநள்ளாறு, அவளைக் கட்டிக்கொடுத்தது வரிச்சிக்குடியில். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே சித்தப்பா சைகோனுக்குக் கப்பல் ஏறிவிட்டார். அங்கே ஒரு பிரெஞ்சுக்காரன் பாங்கில் காவல் வேலை. போகும் முன் சின்னம்மாவைக் காரைக்காலுக்குக் கூட்டிப்போய் ஒரு போட்டோ பிடித்து, அந்த ஒற்றைப் போட்டோவையும் தன் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். வீட்டில் மாமியாரும் மருமகளும் மட்டும். துணைக்கு இருக்கட்டும் என்று பாவாடை கட்டின என்னைக் கொண்டுபோய் அங்கே விட்டார்கள்.

காரைக்காலில் பிரெஞ்சுக் கொடி இறங்கிய வருஷத்துக்கு முந்தின வருஷம் அந்தப் படம் வந்தது. கொண்டுவந்தவர் சைகோனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு மரைக்காயர். அவர் தலையணையைக் கிழித்துப் பஞ்சுக்குள் படத்தை வைத்துச் சித்தப்பா தைத்துக் கொடுத்திருந்தார்.

"கப்பல்ல இதை மடியிலயே வச்சுக்கிட்டு வந்தேன் தங்கச்சி. என் தலைக்குக் கைலியைச் சுருட்டி வச்சுக்கிட்டுப் படுத்தேன்" என்றார்.

மாமியார் அரிவாள்மணையில் தையலை அறுத்தாள். பஞ்சு பறந்து எல்லார் தலையிலும் ஒட்டியது. உள்ளே கண்ணாடிப் படம். சாமியைக் கண்ணாடியில் எழுதி வீட்டில் மாட்டுகிறோமே, அந்த மாதிரி. ஆனால் இதில் இருந்தது ஒரு பெண். சிவப்புச் சேலை, கழுத்தில் காசுமாலை, முதுகுக்குப் பின்னால் நம் ஊரில் இல்லாத மலை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். மாமியார்தான் கிட்டத்தில் போய்ப் பார்த்து, "ஏண்டி, இவளுக்கு மூக்குத்தி இடது மூக்குல இருக்கு?" என்றாள்.

எங்கள் பக்கத்தில் ஒற்றை மூக்குத்தி என்றால் வலது மூக்கில்தான். அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாகக் கண்ணில் பட்டது. சின்னம்மாவுக்கு மச்சம் இடது கன்னத்தில், படத்துக்காரிக்கு வலது கன்னத்தில். முந்தானை வலது தோளில் கிடந்தது. கண் வேறு அரிசியை வைத்துக் கீறினது மாதிரி சின்னதாக இருந்தது. உடம்பு மஞ்சள் பூசின நிறம்.

தெரு கூடிவிட்டது.

"சைகோன்காரிக்கு நம்ம சேலையைச் சுத்தி உட்கார வச்சிருக்கான். பாவம், கட்டத் தெரியாம மாத்திக் கட்டியிருக்கா."

"அவ படத்தைப் பொண்டாட்டிக்கு எதுக்குடி அனுப்புறான்?"

"சொல்லாம சொல்றான். நாளைக்கு ரெண்டு பேருமா வந்து இறங்கினா இவ மயக்கம் போட்டு விழக் கூடாதுல்ல."

மாமியார் மரைக்காயரைப் பிடித்துக்கொண்டாள். "உண்மையைச் சொல்லுங்க மரைக்காயரே. யாரு இவ?"

"வல்லாஹி, எனக்குத் தெரியாது ஆத்தா. நான் தலையணையைச் சுமந்தேன், உள்ள இருக்கிற தலையைப் பார்க்கலை" என்று சத்தியம் பண்ணி, வைத்த மோரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

சின்னம்மா படத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கான் என்னை."

"உன்னையா?"

"ஆமா. தினம் கண்ணாடியில பார்க்கறேனே. மச்சம் அங்கேதான் இருக்கு."

மாமியார் அவள் இடது கன்னத்தில் விரலை வைத்து ஒரு குத்துக் குத்தினாள். "இதோ இங்க இருக்குடி மச்சம். அவளுக்கு அந்தப் பக்கம் இருக்கு. கண்ணு அவிஞ்சு போச்சா உனக்கு?"

சின்னம்மா தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். படத்தையும் இன்னொரு தரம் பார்த்தாள். குழம்பித்தான் போனாள், அது எனக்குத் தெரிந்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை. "எப்படின்னு கேட்காதீங்க. அது நான்தான்."

புருஷனை விட்டுக்கொடுக்காமல் மூடி மறைக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது. பேச்சு திருநள்ளாறு வரைக்கும் போய், என் அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"பெட்டியை எடு. இந்த வீட்டுல நீ இருக்க வேண்டாம்."

"எதுக்கு அத்தான்?"

"எதுக்கா? நாலு பேருக்குத் தெரியறது உனக்குத் தெரியலையா?"

"வேற பொம்பளை படமா இருந்தா நானே உடைச்சுப் போட்டுட்டு வண்டியில ஏறுவேன். என் படத்தைப் பார்த்துட்டு நான் ஏன் கோவிச்சுக்கிட்டு வரணும்? என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

அப்பா கத்திப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் சின்னம்மா கொல்லைக்குப் போய்ப் பூசணிக்காய்களை அறுத்துவந்து, "வெறும் வண்டியா போகாதீங்க" என்று ஏற்றினாள். கொழுந்தியாளைக் கூட்டிப்போக வந்தவர் பூசணிக்காயோடு திரும்பிப் போனார். மாமியார்கூட அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கூடத்தில் முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஆணி அடித்துப் படத்தை மாட்டினாள் சின்னம்மா. தலை சீவும்போது என்னைக் கூப்பிடுவாள். "பாரு குட்டி, கண்ணாடியில ஒருத்தி, படத்துல ஒருத்தி. ரெண்டு பேருக்கும் மச்சம் ஒரே பக்கம்தானே?"

பார்ப்பேன். ஒரே பக்கம்தான் இருக்கும். திரும்பிச் சின்னம்மா முகத்தைப் பார்த்தால் மச்சம் அந்தப் பக்கம் போயிருக்கும். எனக்குத் தலை சுற்றும். "ஆமா சின்னம்மா" என்று சொல்லிவிட்டு விளையாட ஓடிவிடுவேன்.

அங்கேயும் பிரெஞ்சுக்காரன் மூட்டை கட்டின பிறகு சித்தப்பா ஊர் திரும்பினார். சைகோன்காரியைப் பார்க்கத் தெருவே போய் நின்றது. வண்டியிலிருந்து இறங்கியது அவரும் ஒரு தகரப் பெட்டியும்தான்.

"போட்டோவைக் கொடுத்து இவளைத்தான் எழுதச் சொன்னேன்" என்றார்.

"எங்கே அந்தப் போட்டோ?"

"அந்தப் படக்காரன்கிட்டயே மாட்டிக்கிச்சு. சண்டையில கடையைப் பூட்டிட்டு எங்கேயோ போயிட்டான்."

"மூக்குத்தி எப்படிப் பக்கம் மாறிச்சு?"

அவர் தலையைச் சொறிந்தார். "அவனுக்கு நம்ம ஊரு மூக்கு தெரியலை போல."

அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. அவர் நல்ல மனுஷன், சாமர்த்தியமாகப் பொய் சொல்லத் தெரிந்தவரில்லை. ஆனால் நிஜத்தையும் சாமர்த்தியமாகச் சொல்ல அவருக்கு வரவில்லை.

அடுத்த வருஷம் ஒரு பெண் பிறந்தாள். என் தங்கச்சி. அவள்தான் அந்தப் படத்தால் அதிகம் பட்டவள். "உங்க சைகோன் அம்மா சௌக்கியமா?" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்கும், அழுதுகொண்டு வருவாள். அவள் பிடித்த பிடிவாதத்தில் சித்தப்பாவே பலமுறை போட்டோ எடுக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். சின்னம்மா அசையவில்லை. "என் படம் ஒண்ணு இருக்கு. இன்னொண்ணு எடுத்தா, அது நான் இல்லைன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்பாள். மகள் கல்யாணத்தில் போட்டோக்காரன் வந்ததும் அடுப்படிக்குள் போனவள், அவன் பெட்டியைப் பூட்டின பிறகுதான் வெளியே வந்தாள்.

சின்னம்மா செத்து, காரியம் முடிந்ததும் தங்கச்சி படத்தைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தாள். "நீ வச்சுக்கக்கா. உடைக்க மனசு வரலை, பார்க்கவும் பிடிக்கலை. அம்மா மூஞ்சின்னு பார்க்க எனக்கு ஒரு போட்டோ உண்டா?"

நான் மாட்டி வைத்துக்கொண்டேன். அதற்கப்புறம் எத்தனையோ வருஷம்.

போன தை மாசம் என் மருமகள் என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துச் செல்போனில் செல்ஃபி எடுத்தாள். எடுக்கும்போது என் முகம் சரியாக இருந்தது. எடுத்த பிறகு பார்த்தால் யாரோ கிழவி. வாய் வேறு பக்கம் கோணியிருந்தது.

"இது நான் இல்லை" என்றேன்.

"நீங்கதான் அத்தை. எடுக்கும்போது கண்ணாடி மாதிரி காட்டும். எடுத்த பிறகு மத்தவங்க பார்க்கிற மாதிரி திருப்பிடும். நீங்க உங்களை எப்பவும் கண்ணாடியிலதானே பார்க்கறீங்க, அதான் உங்களுக்கே புதுசா தெரியுது."

சின்னம்மா தலை சீவும்போது கேட்டது ஞாபகம் வந்தது. படத்தை இறக்கச் சொன்னேன். பின்னட்டையைக் கழற்றினாள். வர்ணமெல்லாம் கண்ணாடியின் முதுகில் பூசியிருந்தது. நான் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீரைத் தொட்டு என் பேரை எழுதினேன், எனக்கு நன்றாக எழுத வருவது அதுதான். வெளியே போய்ப் பார்க்கச் சொன்னேன்.

"திரும்பித் தெரியுது அத்தை."

அவ்வளவுதான் விஷயம். போட்டோவின் மேல் கண்ணாடியை வைத்து, தெரிந்ததைத் தெரிந்தபடி எழுதியிருக்கிறான் அந்தப் படக்காரன். முதுகில் எழுதியதை நாங்கள் முன்பக்கமிருந்து பார்த்தோம். வலது இடதாயிற்று. சின்னம்மா மட்டும் தன்னை முகம் பார்க்கிற கண்ணாடியிலேயே பார்த்துப் பழகினவள். ஊருக்கு மாறித் தெரிந்த முகம் அவளுக்குச் சரியாகத் தெரிந்தது.

மண்டபத்தூரிலிருந்து தங்கச்சியை வரவழைத்தேன். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. "அந்தச் சனியனைக் காட்டவா கூப்பிட்டே?" என்று கேட்டுக்கொண்டேதான் உட்கார்ந்தாள். நான் படத்துக்கு எதிரே கைக்கண்ணாடியைப் பிடித்து, "இதுக்குள்ள பாரு" என்றேன்.

மூக்குத்தி வலது மூக்கில். மச்சம் இடது கன்னத்தில். முந்தானை இடது தோளில்.

வெகுநேரம் பார்த்தாள். "கண்ணு அம்மா கண்ணு இல்லையேக்கா" என்றாள்.

"அது எழுதினவன் ஊருக் கண்ணு. உதட்டைப் பாரு."

உதடு ஒரு ஓரமாக மடிந்திருந்தது. நான் சொன்னால் சொன்னதுதான் என்கிற மடிப்பு. தங்கச்சிக்கும் அதே மடிப்பு உண்டு. அவள் கை தன் வாயைத் தொட்டது. அப்புறம்தான் அழுதாள்.

கிளம்பும்போது படத்தைத் தூக்கிக்கொண்டாள். "கைக்கண்ணாடியையும் கொண்டுபோ" என்றேன்.

"வேண்டாம்க்கா. அம்மா தன்னைப் பார்த்த மாதிரியே நானும் பார்த்துக்கறேன்."

பஸ்ஸில் கூட்டமாக இருக்கும், கண்ணாடி உடைந்துவிட்டால்? என் தலையணையைப் பிரித்துப் பஞ்சுக்குள் படத்தை வைத்து நானே தைத்துக் கொடுத்தேன். அன்றைக்குச் சேலையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு படுத்தேன். நல்ல தூக்கம்.